ஒரு மடக்கு, ஒரு திட்டு

மூன்றாவது ஊசிக்கு நான் எல்லா ஏற்பாடும் செய்துகொண்டுதான் போயிருந்தேன். பையில் போர்வை, மாற்றுச் சேலை, இரண்டு எலுமிச்சம்பழம், என் வீட்டுக்காரர் ஜவஹர் ஆற வைத்து ஊற்றிக் கொடுத்த கஞ்சி. அடையாறு மருத்துவமனையில் காலை எட்டு மணிக்கே ரத்தம் எடுத்துவிட்டார்கள். பதினொரு மணிக்கு ஸ்வர்ணலதா சிஸ்டர் கையில் ஒரு தாளோடு வந்தார். படுக்கைக்குக் கூப்பிடப்போகிறார் என்று எழுந்து நின்றேன்.

"உக்காருங்க புஷ்பம். இன்னைக்கு ஊசி கிடையாது."

கிரியாட்டினின் என்று ஒரு எண் இருக்கிறது. சிறுநீரகம் எவ்வளவு களைத்திருக்கிறது என்று அது சொல்லுமாம். போன தடவை எனக்கு அது ஒன்று. இந்தத் தடவை ஒன்று புள்ளி எட்டு. என் சினைப்பையில் இருக்கும் கட்டியைக் கரைக்கிற மருந்து சிறுநீரகத்தையும் சேர்த்துப் பதம் பார்க்கிற மருந்து. தண்ணீர் நிறையக் குடித்து அதைக் கழுவி வெளியே தள்ள வேண்டும். ஒரு நாளைக்கு மூன்று லிட்டர்.

டாக்டர் வந்து சுற்றி வளைக்காமல் சொன்னார். "ஒரு வாரம் பாக்கலாம்மா. அடுத்த வியாழக்கிழமை ஒண்ணு புள்ளி மூணுக்குக் கீழ வந்துட்டா இதே மருந்து. வரலைன்னா மாத்தணும். இந்த மருந்துக்கு உங்க கட்டி பாதியா சுருங்கியிருக்கு. இன்னொரு ஊசி போயிட்டா ஆபரேஷனுக்குத் தேதி குறிச்சுடலாம். வேற மருந்துக்கு இதே மாதிரி கேக்குமான்னு என்னால வாக்கு கொடுக்க முடியாது."

அவர் போன பிறகு சிஸ்டர் என் பக்கத்தில் உட்கார்ந்தார். "உண்மையைச் சொல்லுங்க. தண்ணி குடிக்கிறீங்களா?"

எனக்குச் சுள்ளென்று வந்தது. கேன்சர் என்று தெரிந்த நாளிலிருந்து ஊரில் உள்ள அத்தனை பேரும் எனக்கு டாக்டர். மேல் வீட்டுக்காரி இளநீர் கொண்டு வருகிறாள். வடபழனி முருகன் கோயிலில் பூக்கட்டுகிற அம்மாள் அருகம்புல்லைச் சாறு பிழிந்து தருகிறாள். என் நாத்தனார் எதுவும் கொண்டு வருவதில்லை. வந்து உட்கார்ந்து என் முகத்தைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறாள். இவர்கள் யாருக்காவது தெரியுமா, தண்ணீர் எப்படி இருக்கும் என்று? ஊசி போட்ட நான்காம் நாளிலிருந்து பச்சைத் தண்ணீர் வாயில் பத்து ரூபாய் நாணயத்தைப் போட்டுச் சப்புகிற மாதிரி இருக்கிறது. எவர்சில்வர் டம்ளரைப் பார்த்தாலே வயிறு மேலே ஏறி வருகிறது. அப்படியிருந்தும் தினமும் மூன்று பாட்டிலைக் காலி செய்கிறேன். என்னைப் பார்த்துப் பொய் சொல்கிறாயா என்று கேட்டால்?

"மூணு லிட்டர் குடிக்கிறேன் சிஸ்டர். வேணும்னா அவரைக் கேளுங்க."

பக்கத்தில் நின்றுகொண்டிருந்த ஜவஹர் கோடம்பாக்கத்தில் படப்பிடிப்புகளுக்கு லைட் தூக்குகிறவர். பொய் சொல்லத் தெரியாத மனிதர், அதனாலேயே எனக்கு அவரிடம் பல சங்கடங்கள். "நான்தான் சிஸ்டர் ரொப்பி வெக்கிறேன்," என்றார். "காய்ச்சி, ஆற வெச்சி, மூணு பாட்டில். காலண்டர்ல கோடு போட்டுக்கினு வர்றேன். சாயங்காலம் பாத்தா மூணும் காலியா கீது. அப்பறம் எப்டி ஏறும்?"

அன்றைக்கு ஊசிக்குப் பதிலாக வெறும் சலைன் மட்டும் ஏற்றினார்கள். அது இறங்கிக்கொண்டிருக்கும்போது ஒரு காகிதக் கோப்பையில் தண்ணீர் கொண்டு வந்து நீட்டினார்.

"நான் பாக்கறேன். குடிங்க."

நன்றாகப் பார்த்துக்கொள் என்று வீம்பாக வாங்கினேன். ஒரு வாய் எடுத்தேன். வாய்க்குள் சுழற்றினேன். அண்ணாந்து தொண்டையை நனைத்தேன். குனிந்து, கட்டிலுக்குப் பக்கத்தில் வாந்திக்காக வைத்திருந்த வாளியில் விட்டேன். அடுத்த வாய் எடுத்தேன்.

"ஏன் துப்பினீங்க?"

"எங்க துப்புனேன்?"

சிஸ்டர் வாளியைக் காட்டினார். ஜவஹர் வாளியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இரண்டாவது வாய் இன்னும் என் கன்னத்துக்குள் இருந்தது. அதையும் துப்புவதற்கு என் தலை தானாகக் குனிந்துகொண்டிருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அதுவரை எனக்குத் தெரியவே தெரியாது.

இதை மற்றவர்களுக்குப் புரியவைப்பது கஷ்டம். நான் தி.நகரில் ஒரு ஐந்து மாடித் துணிக்கடையின் நான்காம் மாடிப் பட்டுப் பிரிவில் பத்தொன்பது வருஷமாக நிற்கிறேன். வேலை செய்கிறேன் என்பதைவிட நிற்கிறேன் என்பதுதான் சரி. கடைப் பெண்களுக்கு உட்கார இடம் தர வேண்டும் என்று சட்டம் வந்தபோது எங்கள் மாடிக்கும் நான்கு முக்காலிகள் வந்தன. மறுநாளே அவற்றின் மேல் சேலைப் பெட்டிகள் ஏறி உட்கார்ந்துகொண்டன. எங்களுக்கான கழிப்பறை மொட்டை மாடியில். லிஃப்ட் வாடிக்கையாளர்களுக்கு. மாடிக்கு ஒரு பித்தளை வில்லை உண்டு, அதை நாங்கள் பாஸ் என்போம். பாஸ் யார் கையில் இருக்கிறதோ அவள்தான் மேலே போகலாம். பதினான்கு பெண்களுக்கு ஒரே ஒரு பாஸ். ஆடித் தள்ளுபடியிலும் தீபாவளியிலும் அது உங்கள் கைக்கு வருவதற்குள் சாயங்காலம் ஆகிவிடும்.

அதனால் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே ஒரு வித்தை எல்லாருக்கும் கைவந்துவிடும். தண்ணீரை வாயில் வாங்கு, சுழற்று, தொண்டையை நனை, துப்பு. தாகம் அடங்கும், வயிற்றுக்குள் ஒன்றும் போகாது. பாஸைக் கேட்டு சூப்பர்வைசர் முன்னால் பல்லைக் காட்ட வேண்டாம். வீட்டிலும் குமட்டலுக்குப் பயந்து குளியலறைத் தொட்டிப் பக்கத்தில் நின்றுதான் குடித்தேன். பாதியாவது உள்ளே போயிருக்கும் என்று அந்த வாளியைப் பார்த்தபடி கணக்குப் போட்டேன். கால்வாசிகூடப் போகவில்லை போலிருக்கிறது. அவர் நிரப்பி நிரப்பி வைத்த தண்ணீரெல்லாம் கோடம்பாக்கம் சாக்கடைக்குத்தான் போயிருக்கிறது.

எனக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம் வந்தது. சம்பளத்துக்கு என் காலைக் கொடுத்தேன், இடுப்பைக் கொடுத்தேன், அது தெரிந்து கொடுத்தது. ஆனால் என் வாயைக்கூட அந்தக் கடை எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறது என்று அன்றுவரை எனக்குத் தெரியாது. சாகக் கிடக்கும்போதும் நான் பாஸுக்குப் பயந்துகொண்டிருந்திருக்கிறேன்.

சிஸ்டர் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. "ஒண்ணு செய்ங்க. பாட்டில்ல குடிக்காதீங்க, சின்னக் கோப்பையில குடிங்க. பத்து நிமிஷத்துக்கு ரெண்டு மடக்கு, ஜில்லுனு இருந்தா குமட்டல் குறையும். எலுமிச்சை பிழிஞ்சு ஐஸ் கட்டி பண்ணிச் சப்புங்க. வாந்தி மாத்திரைய வாந்தி வந்த அப்புறம் போடாதீங்க, சாப்பாட்டுக்கு அரை மணி முன்னாடி போடுங்க. இந்த எண் இறங்குற வரைக்கும் இளநீர் வேண்டாம், யார் கொண்டு வந்தாலும் சரி, அதுல இருக்கிற பொட்டாசியத்த இப்ப உங்க கிட்னியால வெளிய தள்ள முடியாது. முக்கியமா, ஒவ்வொரு மடக்கு குடிச்சதும் வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசுங்க. வாயில தண்ணிய வச்சுக்கிட்டுப் பேச முடியாது. பேசிட்டீங்கன்னா உள்ள போயிடுச்சுன்னு அர்த்தம்."

"என்ன வார்த்தை?"

"எது வேணா. முருகா முருகான்னு சொல்லுங்க."

அன்று சாயங்காலம் வீட்டில் உட்கார்ந்து முதல் மடக்கை விழுங்கினேன். நாணயம் வழுக்கிக்கொண்டு இறங்கிய மாதிரி இருந்தது. முருகா என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

"கஸ்மாலம்."

ஜவஹர் திரும்பிப் பார்த்தார். "யாரை?"

"தெரியல. ஆனா உள்ள போயிடுச்சு."

அப்படித்தான் அது தொடங்கியது. ஒரு மடக்கு, ஒரு திட்டு. கட்டியை ஒரு பேமானி. சூப்பர்வைசர் தனபாலனை ஒரு சோமாரி. பெருமூச்சு விடுகிற நாத்தனாரை ஒரு மூதேவி. அவள் ஜவஹரின் கூடப் பிறந்தவள், இருந்தாலும் அவர் ஆட்சேபிக்கவில்லை. ஒரு லிட்டருக்கு நாற்பது மடக்கு என்று வைத்தால் மூன்று லிட்டருக்கு நூற்று இருபது திட்டு. எனக்குத் தெரிந்ததெல்லாம் இரண்டு பாட்டிலிலேயே தீர்ந்துபோனது. மிச்சத்துக்கு ஜவஹர் படப்பிடிப்புத் தளத்து வார்த்தைகளை எடுத்துக் கொடுத்தார். அவற்றை இங்கே எழுத முடியாது. இருபத்திரண்டு வருஷக் குடித்தனத்தில் நாங்கள் இவ்வளவு சிரித்ததில்லை. மறுநாள் மேல் வீட்டுக்காரி இளநீரோடு இறங்கி வந்தாள், பாதிப் படியிலேயே என் குரலைக் கேட்டுவிட்டுத் திரும்பிப் போய்விட்டாள்.

திங்கட்கிழமை வேலைக்குக் கிளம்பினேன். ஊசி இல்லாத வாரங்களில் மாஸ்க் போட்டுக்கொண்டு அரை நாள் போகலாம், கூட்டத்துக்குள் மட்டும் போகாதே என்று டாக்டர் சொல்லியிருந்தார். பட்டுப் பிரிவில் தரைத்தள நெரிசல் கிடையாது. வீட்டிலேயே இருக்கலாமே என்று எல்லாரும் கேட்டார்கள். வீட்டில் இருந்தால் நான் நோயாளி. கடையில் நின்றால், முப்பது சேலையைப் பிரித்துப் போட்டுவிட்டு ஒன்றும் எடுக்காமல் போகிற அம்மாளுக்குக்கூட நான் விற்பனைக்காரி. அந்த வித்தியாசம் எனக்கு வேண்டியிருந்தது.

"இன்னாக்கா, ஊசி போடலையாமே," என்று ஷகீலா ஓடி வந்தாள். சிந்தாதிரிப்பேட்டைக்காரி, எனக்கு அடுத்த கவுன்ட்டர். முடி கொட்டிய பிறகு என் தலைக்கு ஸ்கார்ஃப் கட்டக் கற்றுக் கொடுத்தவள் அவள்தான். துப்பின கதையை அவளிடம் சொன்னேன். சிரிப்பாள் என்று பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை.

"நானும் வீட்ல அப்டித்தான்க்கா துப்பிக்கினு கீறேன்," என்றாள். "நோம்புல பழகினதுன்னு நெனச்சிக்கினு இருந்தேன். நீ சொன்னப்பறம்தான் தெரிது. நோம்பு வருஷத்துக்கு ஒரு மாசம்தானே."

நான் பாட்டிலையும் சின்னக் கோப்பையையும் எடுத்துக் கவுன்ட்டர் மேல் வைத்தேன். பட்டுப் பிரிவில் அது கொலைக்குற்றத்துக்குச் சமம். ஒரு சொட்டு விழுந்தால் சேலையில் வட்டம் விழும், அந்தச் சேலை போச்சு. அந்த விதி நியாயமானது, நான் மறுக்கவில்லை. அதனால் கவுன்ட்டரின் ஓரத்தில், சேலை வராத பக்கத்தில், துண்டு விரித்து அதன் மேல்தான் வைத்தேன். தனபாலனுக்கு அதெல்லாம் கண்ணில் படவில்லை.

"என்ன இது? பட்டு செக்சன்ல தண்ணி கூடாதுன்னு தெரியாதா ஒங்களுக்கு?"

"தெரியும் சார். பத்தொன்பது வருஷமா தெரியும்." ஒரு மடக்கு விழுங்கினேன். முன்னால் வாடிக்கையாளர் இருந்ததால் திட்டை மனசுக்குள் வைத்துக்கொண்டு, "சொல்லுங்கம்மா, ஆவணிக் கல்யாணமா?" என்று கேட்டேன். பேசிவிட்டேன், உள்ளே போய்விட்டது.

தண்ணீர் உள்ளே போனால் வெளியேயும் வந்தாக வேண்டும். பதினோரு மணிக்குள் நான்கு தடவை மொட்டை மாடிக்குப் போனேன். பாஸைக் கேட்கவில்லை. ஐந்தாவது தடவை தனபாலன் படிக்கட்டில் குறுக்கே நின்றார்.

"பாஸ் எங்க?"

"எனக்குப் பாஸ் தேவையில்ல சார். வழி விடுங்க. இல்லன்னா இங்கயே போயிடுவேன், அப்புறம் நீங்கதான் தொடைக்கணும்."

வழி விட்டார். ஆனால் திரும்பி வந்தபோது, அண்ணாச்சி கூப்பிடுகிறார் என்றார்.

அய்யாதுரை அண்ணாச்சி தரைத்தளத்துக்குப் பின்னால் உள்ள அறையில் இருந்தார். கடை முதலாளி. சாத்தான்குளத்திலிருந்து வந்து மூட்டையில் துணி விற்றுத் தொடங்கியவர். மோசமான மனிதர் இல்லை, அதுதான் பிரச்சினையே. மோசமானவராக இருந்தால் சண்டை போடுவது சுலபம். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று நாற்காலியைக் காட்டினார். அந்தக் கடையில் பத்தொன்பது வருஷத்தில் எனக்கு யாரும் நாற்காலி காட்டியதில்லை.

"ஏம்மா புஷ்பம், ஒடம்பு சொகமில்லாதப்ப எதுக்குக் கெடந்து கஷ்டப்படுத? வீட்ல இரி. சொகமாகி வார வரைக்கும் சம்பளம் ஒண்ணாந்தேதி தானா வந்துரும். நான் சொல்லுதேன்லா."

சரி என்று சொல்லிவிடலாம் என்றுதான் ஒரு கணம் தோன்றியது. கையோடு கொண்டு வந்திருந்த கோப்பையில் இன்னும் ஒரு மடக்கு இருந்தது. அதைக் குடித்தேன்.

"நான் வேலை செய்றேன் அண்ணாச்சி. எனக்குத் தண்ணி குடிக்கணும், பாத்ரூம் போகணும். அவ்வளவுதான் கேக்கறேன்."

"சரிம்மா, குடி. போ. ஒனக்கு மட்டும் விதிய மாத்திக்கிடுவோம். தனபாலு, இந்தம்மாவத் தடுக்காத. கேன்சர்காரங்க, பாவம்."

அந்தப் பாவம்தான் என்னைக் கிளப்பிவிட்டது. நன்றி சொல்லிவிட்டு எழுந்திருக்க வேண்டியவள் உட்கார்ந்தபடியே இருந்தேன்.

"அப்போ மேல நிக்கிற மத்தப் பதிமூணு பேரு, கேன்சர் வந்த அப்புறம்தான் தண்ணி குடிக்கணுமா அண்ணாச்சி?"

அறையில் இருந்த கணக்குப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார். அண்ணாச்சி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபமா, வேறேதாவதா என்று எனக்குத் தெரியவில்லை. கடைசியில், "மேல போம்மா, கஸ்டமர் நிக்கும்," என்றார். அவ்வளவுதான். விதி மாறவில்லை. அண்ணாச்சிக்கு மனம் இளகி மறுநாளே மாடிக்கு மாடி கழிப்பறை கட்டினார் என்று எழுத எனக்கும் ஆசைதான். நடக்கவில்லை.

நடந்தது வேறு. செவ்வாய்க்கிழமை காலை பாஸைக் காணவில்லை. தனபாலன் அலமாரியைப் பார்த்தார், குப்பைக்கூடையைப் பார்த்தார், பதினான்கு பெண்களையும் வரிசையாக நிறுத்திக் கேட்டார். எனக்குத் தெரியாது சார், எனக்குத் தெரியாது சார் என்று பதின்மூன்று பேர் உண்மையைச் சொன்னார்கள். பதினான்காவதாக நான் பொய் சொன்னேன். முந்தின நாள் வீட்டுக்குப் போகிற வழியில் நான் வீசிய மாம்பலம் ஸ்டேஷன் பக்கத்துச் சாக்கடையில் அது கிடந்தது. வேறு பாஸ் செய்யக் கொடுத்திருக்கிறேன் என்று தனபாலன் அறிவித்தார். அது வருகிறவரை யார் மேலே போகலாம் என்று அவருக்கே தெரியவில்லை. அன்று ஷகீலா மூன்று தடவை போய்வந்தாள். அவள் கவுன்ட்டர் ஓரத்திலும் துண்டு விரித்து ஒரு பாட்டில் நின்றது. மடக்குக்கு மடக்கு அவளும் ஏதோ முணுமுணுத்தாள். காது கொடுத்துக் கேட்டேன். என்னைவிட நன்றாகத் திட்டுகிறாள்.

இவ்வளவு வீரம் பேசியவள் புதன்கிழமை என்ன ஆனேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். மத்தியானம் வீடு திரும்பும்போது இரண்டு லிட்டர் உள்ளே போயிருந்தது. படியேறும்போதே பக்கத்து வீட்டில் கருவாடு வறுக்கிற வாசனை. சாதாரண நாளாக இருந்தால் ஒரு துண்டு கேட்டு வாங்கியிருப்பேன். அன்று வாசற்படியிலேயே உட்கார்ந்து வாந்தி எடுத்தேன். காலையிலிருந்து எண்பது திட்டுத் திட்டி, எண்பது மடக்கு விழுங்கிச் சேர்த்ததில் எவ்வளவு மிஞ்சியதோ தெரியவில்லை, அவ்வளவும் வந்துவிட்ட மாதிரிதான் இருந்தது. ஐந்து தடவை. கடைசியில் மஞ்சளாகக் கசந்துகொண்டு வந்தது. அடுத்த நாள் ரத்தப் பரிசோதனை.

ஜவஹர் தலையைப் பிடித்துக்கொண்டார். நான் சுவரில் சாய்ந்து அழுதேன். எனக்குப் பயமாக இருந்தது. கோபத்தை எடுத்து முன்னால் நிறுத்திக்கொண்டு பல நாளாக ஒளித்து வைத்திருந்த பயம், அதைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்துவிட்டது. செத்துப்போவேன் என்ற பயம். நாற்பத்தாறு வயதில், ஒரு எண்ணுக்காக, ஒரு கெட்ட பழக்கத்துக்காகச் செத்துப்போவேன் என்ற பயம்.

"போதும்யா," என்றேன். "என்னால முடியல. இனிமே ஒரு சொட்டு இறங்காது."

அவர் வாந்தியைக் கழுவிவிட்டார். அடுத்த வீட்டுக் கதவைத் தட்டி, கொஞ்ச நேரம் ஜன்னலைச் சாத்திக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தார். வாந்தி மாத்திரையைக் கொடுத்து, மின்விசிறியை என் பக்கம் திருப்பி வைத்தார். அரை மணி நேரம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். பிறகு எலுமிச்சை ஐஸ்கட்டி ஒன்றைக் கொண்டு வந்து நீட்டினார்.

"இத்த வாய்ல போடு. முழுங்காட்டி போவுது, சும்மா வெச்சிக்கினு இரு."

வைத்துக்கொண்டிருந்தேன். அது கரைந்தது. கரைந்த தண்ணீரைத் துப்புவதற்கு வாளி பக்கத்திலேயே இருந்தது. அவர் வாளியைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பத்தொன்பது வருஷப் பழக்கம் துப்பு துப்பு என்றது. கரைந்தது ஒரு சொட்டுதான். விழுங்கினேன். அவர் காத்திருந்தார். ஒரு வார்த்தை வர வேண்டும்.

"பொறம்போக்கு," என்றேன். குரலே வரவில்லை.

"கேக்கல."

"பொறம்போக்கு."

"ஆங். அடுத்தது," என்று அவர் இன்னொரு கட்டியை எடுத்தார். சாயங்காலம் நான்கு மணிக்குத் தொடங்கினோம். கட்டியிலிருந்து மோருக்கு வந்தோம், மோரிலிருந்து உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீருக்கு. படுக்கப்போகும்போது இரண்டு லிட்டரைத் தாண்டியிருந்தது. நடுவில் ஒருமுறை மறுபடியும் குமட்டியது. அதற்கும் ஒரு திட்டுத்தான்.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு ரத்தம் கொடுத்தேன். முடிவுக்காகக் காத்திருந்த நேரத்திலும் கோப்பையை விடவில்லை. பக்கத்து நாற்காலியில் மயிலாப்பூர் மாமி ஒருத்தர் தன் பெண்ணோடு உட்கார்ந்திருந்தார். நான் ஒவ்வொரு மடக்குக்கும் உதட்டை அசைப்பதைப் பார்த்துவிட்டு, "ஸ்லோகம் சொல்லிண்டே குடிக்கறேளா? நல்ல பழக்கம்," என்றார். நான் மறுக்கவில்லை. ஜவஹர் எழுந்து வராந்தாவுக்குப் போய்ச் சிரித்துவிட்டு வந்தார்.

பத்தரை மணிக்கு ஸ்வர்ணலதா சிஸ்டர் தாளோடு வந்தார். இந்தத் தடவை நான் எழுந்து நிற்கவில்லை. உட்கார்ந்தபடியே இன்னொரு மடக்கு விழுங்கினேன்.

"ஒண்ணு புள்ளி ஒண்ணு," என்றார்.

ஜவஹர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். நான் அவரைப் பார்க்கவில்லை, பார்த்தால் நானும் உடைந்துவிடுவேன் என்று தெரியும். சிஸ்டர் என் தோளில் கை வைத்தார். "வாங்க, நாலாம் நம்பர் படுக்கை. டாக்டர் வர்றாரு, அவர் முன்னாடியே ஏத்திடலாம். இனிமே மறுபடியும் குமட்டல் வரும், தெரியும்ல? பயமா இருக்கா?"

பயமாகத்தான் இருந்தது. அந்த மருந்து உள்ளே போனால் நான்காம் நாள் மறுபடியும் வாயில் நாணயம், மறுபடியும் வாளி, மறுபடியும் மூன்று லிட்டர். அத்தனையும் எனக்கு வேண்டும் என்று சண்டை போட்டு வாங்கியிருக்கிறேன். "வரட்டும் சிஸ்டர்," என்றேன்.

படுக்கைக்கு வந்து உட்கார்ந்தேன். மருந்துப் பை கம்பியில் தொங்கியது. சிஸ்டர் என் கையைத் தட்டி நரம்பு தேடினார். டாக்டரும் வந்து கட்டில் பக்கத்தில் நின்றார். அப்போதுதான் காலையிலிருந்து குடித்த ஒன்றரை லிட்டரும் எனக்கு ஆள் அனுப்பியது. கையை உருவிக்கொண்டு எழுந்தேன்.

"எங்க போறீங்க?"

"பாத்ரூமுக்கு."

"டாக்டர் வந்து நிக்கிறாரு புஷ்பம். ஊசி போட்டுட்டு அப்புறம் போகலாமே, ரெண்டு நிமிஷம்தான்."

"நிக்கட்டும் சிஸ்டர்," என்றேன்.

டாக்டர் நகர்ந்து வழி விட்டார். நான் அவசரப்படாமல் போய், முழுவதும் போய்விட்டு, கையை நன்றாகக் கழுவிக்கொண்டு வந்து படுத்தேன்.